கறுப்புத் திரையும் மூன்று நியாயங்களும்

லினக்ஸ் இயங்குதளத்தைச் சில வருடங்களாவது புழங்கியவர்களுக்கு இந்தக் காலைப்பொழுது பழக்கமானதாக இருக்கும். முந்தைய இரவு ‘புதுப்பிப்புகள் தயார்’ என்று ஓர் அறிவிப்பு வந்திருக்கும். சரி என்று அழுத்திவிட்டுத் தூங்கப் போயிருப்போம். காலையில் ஆன் செய்தால் கணினி நிறுவனத்தின் சின்னம் வரும், ஓரிரு வரிகள் ஓடும், பிறகு திரை கறுத்துவிடும். சில சமயம் இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். உள்ளே மின்விசிறி சுற்றுகிறது, விசைப்பலகையில் விளக்கு எரிகிறது. கணினி செத்துப்போகவில்லை. பெரும்பாலும் அது முழுதாக விழித்தே இருக்கிறது. நம்மிடம் பேசுகிற வாய் மட்டும்தான் அடைபட்டிருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால், அதிர்ஷ்டம் இருந்தால், வெறும் எழுத்துகளாலான ஒரு நுழைவு வரி தோன்றி ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்லும்.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தை அல்ல, வழிகள் ஐந்தாறுதான். ஆனால் சரிசெய்துவிட்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை. இடையில் பயன்படுத்துகிறவர் எதுவும் செய்யவில்லை. அப்படியானால் தவறு யாருடையது?

முதலில் எந்திரத்தைப் பார்த்துவிடுவோம். கர்னல் என்பது வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அடிப்படை நிரல். ஒரு காலத்தில் திரையை இன்ன அளவில் எரிய வை என்று கட்டளையிடும் வேலையை லினக்ஸில் பெரும்பாலும் எக்ஸ் என்ற வெளி நிரல்தான் செய்துவந்தது. 2009 மார்ச்சில் வந்த 2.6.29 பதிப்பில் இன்டெல் சில்லுகளுக்கு அந்த வேலை கர்னலுக்குள் வந்தது. மற்றவையும் பின்னர் அந்த வழிக்கு வந்தன. அதனால் கர்னலை மாற்றினால் திரையை ஆளும் பகுதியும் சேர்ந்து மாறுகிறது.

திரையை ஆளும் இந்த டிரைவர்கள் இரண்டு வகை. கர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வளர்பவை ஒன்று. இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கான திறந்த டிரைவர்கள் இப்படி. மற்றது, வெளியே ஒரு நிறுவனம் தனியாக வைத்திருந்து, ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் நம் கணினியிலேயே புதிதாகக் கட்டி இணைக்க வேண்டியது. இந்தக் கட்டும் வேலையைத் தானாகச் செய்ய டெல் நிறுவனத்தில் உருவான டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. கர்னல் மாறியதும் அது மாட்யூலை மறுபடி கட்டும். அதற்குத் தேவையான ஹெட்டர் கோப்புகள் இறங்காமல் போனால் கட்ட முடியாது. கர்னலின் உள்ளே ஒரு செயற்கூறு தன் வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்தால் கட்டும்போதே பிழை வரும். கட்டி முடித்தாலும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பம் இல்லாத மாட்யூல் உள்ளே விடப்படாது. இவற்றில் எது நடந்தாலும் பயன்படுத்துகிறவருக்குக் கிடைப்பது ஒன்றுதான்: கறுப்பு.

கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். நகல் எடுப்பதோடு கல்லூரி விண்ணப்பம், சான்றிதழ் விண்ணப்பம் எல்லாம் ஆன்லைனில் நிரப்பிக் கொடுப்பார். கடையில் இருப்பது ஒரு பழைய டெஸ்க்டாப். வாங்கும்போதே லினக்ஸ் போட்டு வந்தது. போன வருடம் ஒரு காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“தம்பி, ராத்திரி நல்லாத்தான் ஆஃப் பண்ணிட்டுப் போனேன். காலைல போட்டா கம்பெனி பேர் வருது, அப்புறம் கறுப்பா ஆயிடுது. நான் ஒண்ணும் பண்ணலை தம்பி. எதையும் தொடக்கூட இல்ல.”

“நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. ராத்திரி அதுவா அப்டேட் ஆகியிருக்கும். இப்ப ஆஃப் பண்ணிட்டு, ஷிஃப்ட் கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஆன் பண்ணுங்க.”

மூன்று முறை முயல வேண்டியிருந்தது. பின்னணியில் யாரோ மெதுவாகப் பேசுவது கேட்டது. அன்று ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கடை வாசலில் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வந்து நிற்கிறார்கள் என்று அக்கா சொன்னார்.

“இங்கிலீஷ்ல நாலு வரி வந்திருக்கு தம்பி.”

“ரெண்டாவது வரி, அட்வான்ஸ்டுன்னு ஆரம்பிக்கும். அதுல என்டர் தட்டுங்க. உள்ள நம்பர் நம்பரா வரும். மேலேயிருந்து மூணாவது வரிக்குப் போய் மறுபடி என்டர்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “வந்துருச்சு! இந்தப் பொண்ணு வேலையை முடிச்சுட்டுக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். விண்ணப்பம் போய்விட்டது. ஆனால் அவருக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. “பழசுலயே நல்லா ஓடுதே, அப்புறம் எதுக்கு மாத்தினாங்க?” என்பது முதல் கேள்வி. “காலைல நான்தான் என்னமோ பண்ணிக் கெடுத்துட்டேன்னு நெனச்சு வயிறு கலங்கிடுச்சு. தப்பு யார்மேலப்பா?” என்பது இரண்டாவது.

அன்றிரவு தூரத்திலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்து லாக் கோப்புகளைப் பார்த்தேன். அந்தக் கார்டு ஒரு நிறுவனத்தின் பழைய மாடல். அதற்கான மூடிய டிரைவரைப் புதிய கர்னலுக்குக் கட்ட முயன்றபோது, ஒரு செயற்கூறு எதிர்பார்க்கும் உள்ளீடுகள் மாறிவிட்டதால் பாதியில் நின்றிருந்தது. காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் காரணம் தெரிவதும் ‘யார்மேல தப்பு’ என்பதற்கு விடை தெரிவதும் ஒன்றல்ல.

இதில் சம்பந்தப்பட்டவர்கள் மூவர். மூவரையும் கூண்டில் ஏற்றிப் பார்ப்போம்.

முதலில், அந்தப் புதுப்பிப்பை அனுப்பிய வினியோகக் குழு. அவர்கள் சொல்வார்கள்: “பாதுகாப்பு ஓட்டை இருந்தது, அடைத்து அனுப்பினோம்.” இது வெறும் சாக்கு அல்ல. 2016-இல் வெளிப்பட்ட டர்ட்டி கவ் என்ற ஓட்டை 2007-இன் 2.6.22 பதிப்பிலிருந்தே கர்னலுக்குள் இருந்தது. சாதாரணப் பயனர் ஒருவர் முழு நிர்வாக அதிகாரத்தையும் பறித்துக்கொள்ள அது வழிவிட்டது. ஒன்பது வருடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கர்னல்தான் அது. அக்காவின் முதல் கேள்விக்கு இதுவே பதில்: நன்றாக ஓடுவது வேறு, பத்திரமாக இருப்பது வேறு. அடுத்தவர்களின் ஆதார் நகலும் மதிப்பெண் பட்டியலும் கிடக்கிற கணினியில் ‘மாற்றவே வேண்டாம்’ என்று இருப்பதும் ஒரு முடிவு. அதற்கும் விலை உண்டு; அந்த விலையை வேறு யாராவது கொடுப்பார்கள்.

இரண்டாவது, செயற்கூறின் வடிவத்தை மாற்றிய கர்னல் நிரலாளர்கள். இவர்களின் நியாயம் கர்னலோடு வரும் ஓர் ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது; எழுதியவர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன். சாரம் இது: கர்னலின் உட்புற இணைப்புகள் நிலையாக இருக்கும் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டோம். நிலையாக வைத்தால் பழைய பிழைகளையும் காலாகாலத்துக்கும் சுமக்க வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் டிரைவரை எங்கள் மரத்துக்குள் கொண்டுவந்துவிட்டால், யார் இணைப்பை மாற்றுகிறாரோ அவரே உங்கள் நிரலையும் சேர்த்துத் திருத்தித் தருவார். கூட்டுக்குடும்பத்து நியாயம் என்று சொல்லலாம். வீட்டுக்குள் இருப்பவருக்கு எல்லாம் உண்டு. வெளியில் தனிக்குடித்தனம் போனவர், வீட்டில் சுவரை இடித்துக் கட்டுவதற்கு முன் தன்னைக் கேட்கவில்லை என்று குறைபட முடியாது.

மூன்றாவது, கார்டு செய்த நிறுவனம். அதன் நியாயம்: டிரைவருக்குள் எங்கள் தொழில் ரகசியம் இருக்கிறது, பிறரிடம் உரிமம் வாங்கிய பகுதிகளும் இருக்கலாம், எல்லாவற்றையும் திறந்து காட்ட முடியாது. பத்து வருடத்துக்கு முந்தைய கார்டுக்கு இன்றுவரை ஆள் போட்டு வேலை பார்க்கவும் முடியாது. விற்கும்போது அப்படி ஒரு வாக்கை நாங்கள் தரவில்லை.

மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால் தலையாட்டத் தோன்றுகிறது. ஆனால் மூன்று நியாயங்களும் சேர்கிற இடத்தில் ஒரு பெண்ணின் விண்ணப்பம் போகாமல் நிற்கிறது. எதுவும் செய்யாத அக்காவுக்கு வயிறு கலங்குகிறது.

அரசியல் தத்துவ அறிஞர் டென்னிஸ் தாம்ப்சன் 1980-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் ‘பல கைகளின் சிக்கல்’ என்று குறித்தார். அவர் பேசியது அரசு அதிகாரிகளைப் பற்றி. ஒரு முடிவில் பல கைகள் படும்போது, எந்தக் கையைப் பிடித்து ‘நீதான்’ என்று சொல்வது என்பதே கடினமாகிவிடுகிறது. நமக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையிலும் பல கைகள் இருக்கின்றன. பொய் சொன்னவன் பொற்கொல்லன். வாளை வீசியவன் காவல் ஆள். பாண்டியன் நினைத்திருந்தால் இருவரையும் காட்டித் தப்பித்திருக்கலாம். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் அவன் யாரையும் காட்டவில்லை. தன்னையே கள்வன் என்று சொல்லிக்கொண்டு விழுந்தான். பொய்யைப் பற்றி அவனுக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஆராயும் அதிகாரம் அவனிடம் மட்டுமே இருந்தது. காரணம் எங்கே இருக்கிறது என்று தேடாமல், தடுத்திருக்கக்கூடிய அதிகாரம் எங்கே இருந்தது என்று பார்ப்பது வேறொரு கணக்கு.

வியப்பு என்னவென்றால், கர்னல் உலகத்தில் இந்தக் கணக்கு ஒரு விதியாகவே இருக்கிறது. 2012 டிசம்பரில் ஒரு திருத்தத்தால், கர்னல் ஒரு சூழ்நிலையில் திருப்பி அனுப்பும் பிழை எண் மாறியது. அதனால் பல்ஸ்ஆடியோ என்ற ஒலி நிரலைச் சார்ந்த சில பயன்பாடுகள் தடுமாறின. அந்தப் பகுதியைப் பராமரித்தவர் தவறு அந்த நிரலில் இருக்கலாம் என்று கருதினார். லினஸ் டோர்வால்ட்ஸ் கொதித்துப்போய் பதில் எழுதினார். அவர் சொன்னதன் பொருள்: கர்னலை மாற்றியதால் ஒரு பயனர் நிரல் உடைந்தால் அது கர்னலின் பிழை. அந்த நிரல் சரியாக எழுதப்பட்டதா என்ற கேள்விக்கே இடமில்லை. பயனர்வெளியை நாம் உடைப்பதில்லை.

அந்தக் கடிதத்தின் தொனியை யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே தன் பல வருடக் கடுஞ்சொற்களுக்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். தொனிக்குத்தான் மன்னிப்பு, விதி அப்படியே நின்றது. அதன் அறம் எளிமையானது: மாற்றுகிறவர்தான் சுமக்க வேண்டும், நம்பியிருந்தவர் அல்ல. மாற்றியவருக்கு என்ன மாறியது என்று தெரியும், திரும்பப் பெறவும் முடியும். நம்பியிருந்தவருக்கு இரண்டும் இல்லை.

அப்படியானால் அக்காவின் திரையை ஏன் இந்த விதி காப்பாற்றவில்லை? கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களுக்குத்தான் அந்த வாக்கு. மூடிய டிரைவர் கர்னலுக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிற விருந்தாளி. அவருக்கு வாக்கு இல்லை. சட்டப்படி கோடு துல்லியமானது. ஆனால் அந்தக் கோடு அக்காவின் கண்ணுக்குத் தெரியாது. அவர் பார்ப்பது உலாவியில் நிரப்ப வேண்டிய ஒரு படிவத்தை மட்டுமே. எந்தத் துண்டு வாக்குக்கு உட்பட்டது, எது உட்படாதது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லாத எல்லையைத் தாண்டியதற்காக ஒருவரைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த எல்லைக்குக் கர்னல் வைத்திருக்கும் பெயர் என்னை ஒவ்வொரு முறையும் நெருடும். மூடிய மாட்யூல் ஒன்றை ஏற்றியதும், கர்னல் தன் மேல் ஓர் அடையாளம் போட்டுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கும் சொல்லைத் தமிழில் சொன்னால் ‘தீட்டு’ என்றுதான் வரும். மாட்யூலை இறக்கிவிட்டாலும் அடையாளம் போகாது. கணினியை மறுபடி தொடங்கினால்தான் போகும். தீட்டுப்பட்ட கர்னலிலிருந்து வரும் பிழை அறிக்கையைக் கர்னல் நிரலாளர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். அந்தச் சொல் நம் ஊரில் என்னென்ன செய்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது சங்கடமாகத்தான் இருக்கும். நியாயமாகச் சொல்வதானால், இங்கே அதன் பொருள் வேறு. ‘உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களால் பார்க்க முடியாது, அதனால் எங்களால் பொறுப்பேற்க முடியாது’ என்பதே அது சொல்வது. பிறப்பைப் பற்றிய தீர்ப்பு இல்லை, பார்வை மறைக்கப்படுவதைப் பற்றிய எச்சரிக்கை. கதவைத் திறந்தால் தீட்டு போய்விடும். ஆனாலும் ஒன்று மாறவில்லை: மூடியது நிறுவனம், ஒதுக்கப்படுவது பயனரின் குரல்.

திறப்பது நடக்காத காரியமும் அல்ல. டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசும்போது என்விடியாவின் ஒத்துழையாமையைச் சாடி நடுவிரலைக் காட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே நிறுவனம் 2022 மே மாதத்தில் தன் புதிய தலைமுறைக் கார்டுகளுக்கான கர்னல் மாட்யூல்களின் மூலநிரலை வெளியிட்டது. மேலடுக்கு நிரல்கள் மூடியேதான் இருக்கின்றன. கர்னலைத் தொடும் பகுதியாவது திறந்தது. பத்து வருடம் ஆனது. அந்தப் பத்து வருடத்தில் எத்தனை காலைகள் கறுத்திருக்கும் என்று யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை.

சரி, தப்பு யார்மேல? அக்காவுக்கு நான் ஒரு பெயரைச் சொல்லவில்லை. ஒரே ஒரு பெயர் இல்லை என்பதால்தான். ஆனால் ‘யார் மேலும் இல்லை’ என்றும் சொல்ல மாட்டேன். பிறர் நின்றுகொண்டிருக்கும் தரையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர் எவ்வளவு நல்ல காரணத்துக்காக மாற்றினாலும், அவருக்குச் சில கடன்கள் உண்டு. மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று, எது மாறாது என்று முன்கூட்டியே சொல்வது. டோர்வால்ட்ஸின் விதியும் க்ரோவா-ஹார்ட்மனின் ஆவணமும் அதைச் செய்கின்றன, ஆனால் நிரலாளர்களுக்கு. பயனருக்கு அதைச் சொல்ல வேண்டியது வினியோகக் குழு. ‘இந்தக் கார்டுக்கு டிரைவர் கட்ட முடியவில்லை, புதிய கர்னலுக்குப் போனால் திரை வராமல் போகலாம்’ என்று மறுதொடக்கத்துக்கு முன் ஒரே ஒரு வரி காட்டினால் போதும். அந்தத் தகவல் அந்தக் கணினிக்குள்ளேயே, லாக் கோப்பில், ராத்திரியே இருந்தது. படிக்க வேண்டியவருக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

இரண்டு, உடையும்போது வாய் திறப்பது. பேசாத எந்திரம் பழியை எப்போதும் கடைசியாகத் தொட்டவர் மேல் தள்ளுகிறது. ‘நான்தான் என்னமோ பண்ணிட்டேன்’ என்று அக்கா நினைத்தது அவருடைய பயந்த சுபாவத்தால் அல்ல. காரணம் சொல்லாத கறுப்பின் முன் யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான் தோன்றும். 2024-இல் வந்த 6.10 பதிப்பில், கர்னல் முற்றாக நிலைகுலையும்போது திரையில் செய்தி காட்டும் வசதி சேர்ந்தது. 6.12-இல் அது கியூஆர் குறியீடாகவும் விவரம் தர முடிந்தது. டிரைவர் ஏறாமல் போகிற அக்காவின் சிக்கலுக்கு இது உதவாது. என்றாலும் திசை சரியானது.

மூன்று, திரும்பும் வழியை விட்டுவைப்பது. இதுதான் மூன்றிலும் பெரியது. புதிய கர்னல் வந்தாலும் பழையது உடனே அழிக்கப்படுவதில்லை; கிரப் பட்டியலில் மூன்றாவது வரியாக அது காத்திருக்கிறது. வட்டில் கொஞ்சம் இடம்தான் செலவு. அந்த மூன்றாவது வரி, புதுமைக்கு எதிரான வாதம் அல்ல. ‘நாங்கள் தவறியிருக்கக்கூடும்’ என்று மாற்றுகிறவர் முன்கூட்டியே எழுதி வைக்கும் வாக்குமூலம். நிரலாளர்கள் பிழையைத் தேடுவதும் இதை நம்பித்தான். கிட் என்ற கருவியில், நன்றாக இருந்த ஒரு பதிப்பையும் கெட்ட ஒரு பதிப்பையும் காட்டினால், அது இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிளந்து சோதிக்கச் சொல்லும். ஒரு கர்னல் பதிப்பில் பதினாலாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பதினாலு சோதனையில் குற்றவாளி கிடைத்துவிடும். ஆனால் ‘நன்றாக இருந்தது’ எது என்று தெரிந்திருக்க வேண்டும், அது இன்னும் இருக்கவும் வேண்டும். பழையதை அழித்துவிட்டால் நீதி விசாரணைக்கே வழியில்லை.

பழைய கர்னலிலேயே காலம் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது, ஓட்டைகள் காத்திருக்கின்றன. அந்தக் கடைக் கணினியை சில நாள் பழையதில் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு கர்னலோடு வரும் திறந்த டிரைவருக்கு மாற்றினோம். வேகம் கொஞ்சம் குறைவு. படிவம் நிரப்ப அது தாராளம். திரும்பும் வழி தந்தது நிரந்தர அடைக்கலம் அல்ல, யோசிப்பதற்கான அவகாசம். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று ஒருவருக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

கணினியை விட்டு வெளியே வந்து பார்த்தால், இன்று நம்மைச் சுற்றி எத்தனையோ விஷயங்கள் ஒரே இரவில் ‘அப்டேட்’ ஆகின்றன. பழைய போனில் வங்கிச் செயலி திடீரென்று திறக்க மறுக்கிறது. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வந்த பிறகு, வயல் வேலையில் ரேகை தேய்ந்துபோன பாட்டி கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்க்கிறாள். இவற்றைக் கொண்டுவந்தவர்களிடம் கேட்டால், போலிகளைத் தடுக்க, பாதுகாப்புக்கு என்று காரணம் சொல்வார்கள். காரணம் உண்மையாகவும் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, ஏன் மாற்றினீர்கள் என்பது மட்டும் அல்ல. இது ஓடாமல் போகிறவருக்கு மூன்றாவது வரியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதும்தான். சில இடங்களில் மாற்று வழி விதிப்புத்தகத்தில் இருக்கவும் செய்யும். வரிசையில் நிற்கிற பாட்டிக்கு, எந்தக் கீயை அமுக்கினால் அந்தப் பட்டியல் திறக்கும் என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.